சமயமும் உவர்மண்ணும்

திருச்சிற்றம்பலம்

திருவண்ணாமலை என்னும் பெயர் செவிப்பட்ட அளவிலே சைவ நன்மக்கள் உள்ளத்து எழுவன அருணைக் குன்றும் அதன்மேல் ஒளிரும் கார்த்திகைத் தீபமுமேயாம். யான் ஈண்டுக் கூறப்புகும் திருவண்ணாமலை அஃதன்று. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அண்மையில், மேற்குத் தொடர்ச்சி மலை கண்ணுக்குத் தோன்றும் நிலப்பரப்பிலே, ஒரு குன்றின்மீது சீனிவாசப் பெருமாள் எழுந்தருளியிருக்கும் சிற்றூர் அது. தென்திருப்பதி என்றும் அதனை வழங்குவர். புரட்டாசித் திங்களில் வரும் சனிக்கிழமைதோறும் இராசபாளையத்திலிருந்தும் சிவகாசியிலிருந்தும் இன்னும் பல ஊர்களிலிருந்தும் மக்கள் திரண்டுவந்து அக்குன்றேறுவர். பெருமாள் கோயில் அடிவாரத்திலே நீறு பூசிய கிழவன் ஒருவனுக்கு என்ன வேலையென்று அன்பர் சிலர் நகைத்தலுங் கூடும். உறவினர் நேர்த்திக்கடன் செலுத்த வந்தனர். முழங்கால் நோயுடைய யான் படியேறமாட்டாது கீழே நிழலில் அவர்தம் செருப்புக்கும் பைக்கும் காவலாக அமர்ந்திருந்தேன். அவ்வளவே.

உடன் அமர்ந்திருந்தவன் என் தமக்கையின் பெயரன். பொறியியல் கற்றவன். கோயிலுக்குப் பகைவனுமல்லன், அடியவனுமல்லன். மலைமேற் செல்லும் வரிசையை நெடுநேரம் நோக்கியிருந்து, "தாத்தா, சமயத்தால் உலகுக்கு நன்மை மிகுதியா, தீமை மிகுதியா?" என்று வினவினான்.

நாற்பதாண்டு மேடையேறியவனுக்கு இவ்வினாவின் விடை நாநுனியிலேயே இருக்கும். அன்னசாலைகளைச் சொன்னேன், பாடசாலைகளைச் சொன்னேன், திருக்குளங்களையும் சுவடி காத்த மடங்களையுஞ் சொன்னேன். "சரி, தீமைகள்?" என்றான். "அவை சமயத்தின் குற்றமல்ல, சமயத்தை உணராத மக்களின் குற்றம்" என்றேன். "நன்மை விளைந்தால் அது சமயத்தின் கணக்கு, தீமை விளைந்தால் அது மனிதர் கணக்கு. எந்தக் கடையில், தாத்தா, இப்படிக் கணக்கெழுதுகிறார்கள்?" என்றான்.

யான் விடை கூறவில்லை. கூறுதற்கு ஒன்றும் இருந்ததில்லை என்பதே உண்மை. அன்று கூறாததை ஈண்டு எழுதுகின்றேன். அவன் இவ்விதழைப் படிப்பானல்லன் எனினும், இவ்விதழைப் படிக்கும் அடியார் கூட்டத்துக்கே அவ்வினா மிகவும் உரியது.

இதற்கு விடை கூறப்புகுவார் பலர் அயலார் வரலாற்றிற் சென்று ஒளிந்துகொள்வர். மேனாட்டிலே 1618 முதல் 1648 வரை முப்பதாண்டு நிகழ்ந்த போரை எடுத்துக்காட்டுவர். சிலுவைப் போர்களைக் காட்டுவர். 'நம் சமயமோ அமைதியானது' என்று முடிப்பர். அயலான் கொடியில் உலரும் துணியின் கறை எவர் கண்ணுக்கும் எளிதிற் புலப்படும். யாம் நம் கொடியை நோக்குவோம். அதற்கு நெடுந்தொலைவு செல்லவேண்டுவதில்லை. அக்குன்றினடியில் எங்களைக் கடந்துசென்ற பேருந்துகளிற் பாதி சிவகாசியிலிருந்து வந்தவையே.

1897-ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். அவ்வாண்டு சனவரித் திங்களில் விவேகானந்த அடிகள் மேனாட்டிலிருந்து மீண்டு பாம்பனில் வந்திறங்கினார். அவரைச் சிகாகோவுக்குச் செல்லத் தூண்டியவரும் பொருளுதவியவருமாகிய இராமநாதபுரம் பாஸ்கர சேதுபதி மன்னர் எதிர்கொண்டு போற்றினார். இராமேசுவரத் திருக்கோயிலில் அடிகள் பேசியபொழுது, ஏழையரிடத்தும் நோயாளரிடத்தும் சிவத்தைக் காண்பவனே மெய்யாகச் சிவபூசை செய்பவன் என்னுங் கருத்துப்பட உரைத்தனர். அவ்வாண்டே சூன் திங்களிற் சென்னையில் 'சித்தாந்த தீபிகை' என்னும் இதழ் தோன்றிச் சைவ சித்தாந்தத்தை ஆங்கிலம் வல்ல உலகுக்கு எடுத்துரைக்கத் தொடங்கிற்று. இவ்விரண்டனையும் நம்மவர் பெருமிதத்தோடு கூறுவர், கூறத்தக்கனவே. இவ்விரண்டற்கும் இடையே, மேத் திங்களில் நிகழ்ந்த மூன்றாவதொன்றை மட்டும் நாம் கூறுவதில்லை.

சேதுபதி மன்னரின் அறங்காவலில் இருந்த கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் திருக்கோயிலுள் அத்திங்களில் நாடார் வகுப்பினர் சிலர் நுழைந்து வழிபட்டனர். களவாட நுழைந்தாரல்லர்; கல்லெறிய நுழைந்தாரல்லர்; வழிபட நுழைந்தனர். கோயில் தீட்டுப்பட்டதென்று மன்னர் வழக்குத் தொடுத்தார். அவ்வகுப்பினர் அக்கோயிலுள் நுழையலாகாதெனத் தீர்ப்பு வேண்டியதோடு, தூய்மைச் சடங்குக்குரிய செலவினையும் அவர்பாலே வேண்டினார். வழக்காறும் சாத்திரமும் சான்றாகக் காட்டப்பட்டன. 1899-இல் மதுரையில் அமைந்த கீழ்நீதிமன்றம் நாடார்க்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 1901-இல் சென்னை உயர்நீதிமன்றம் அதனை உறுதிசெய்தது. 1908-இல் இலண்டன் பிரிவி கவுன்சிலும் அவ்வாறே முடித்தது. பதினோராண்டு. சொக்கன் திருமுன் நின்று கைகூப்பலாமா ஆகாதா என்பதனைத் திருநீற்றின் நிறமும் அறியாத துரைமார் கடல்கடந்த நகரத்தில் அமர்ந்து ஆய்ந்து, 'ஆகாது' என்றனர். அவர்மேற் பழியில்லை. நாம் காட்டிய நூல்களையும் நாம் சொல்லிய சான்றுகளையும் கொண்டே அவர் சொன்னார்.

ஈண்டுச் சிவஞானபோதத்தின் பன்னிரண்டாஞ் சூத்திரத்தை அன்பர்கள் நினைவு கூர்க. அடியார் திருவேடத்தையும் திருக்கோயிலையும் சிவமெனவே கண்டு வழிபடுக என்பது அதன் கருத்து. வேடமும் கோயிலும் ஒருங்கே, ஒரே தொடரில், ஒரே மதிப்பில் வைக்கப்பட்டுள்ளன. நீறு பூசி வழிபட வருபவன் வேடம் சிவமாயின், சிவம் சிவத்தினுட் புகுந்தமையாற் கோயில் தீட்டுப்பட்டது யாங்ஙனம்? இவ்வினாவை அன்று சைவப் புலவர் கூட்டம் எழுப்பியிருந்தால் வழக்கின் போக்கு மாறாவிடினும் நம் முகத்திற் சிறிது ஒளி எஞ்சியிருக்கும்.

கமுதி வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே சிவகாசியில் தீ மூண்டது. அவ்வூர்ப் பெயரே காசி விசுவநாதர் பெயரால் அமைந்தது. காசியிலிருந்து இலிங்கம் கொணர்ந்த அரிகேசரி பராக்கிரம பாண்டியன் வழியில் அதனை நிறுவிய இடம் அதுவென்பது தலவரலாறு. அப்பாண்டியன் தென்காசியிற் கோயில் எடுப்பித்து ஒரு பாடலைக் கல்லில் வெட்டுவித்தான். இக்கோயிலுக்கு ஊறு நேருங்காலத்து அதனை நீக்கிக் காப்பவர் எவரேயாயினும் அவரை யான் பணிகின்றேன் என்பது அதன் பொருள். முடிமன்னன் ஒருவன் இன்ன குலத்தார் என்னாது, இனிப் பிறக்கப்போகின்றவர் யாவராயினும் என்று தலைதாழ்த்துகின்றான். அவன் பெயரால் விளங்கும் ஊரிலே, நாடார் விசுவநாதர் கோயிலுள் வரலாகாதென்று பிற வகுப்பினர் தடுத்தனர். பூசல் முற்றி, 1899 சூன் 6-ஆம் நாள் சுற்றுப்புறத்து ஊர்களிலிருந்து ஆயிரக்கணக்கானோர் திரண்டு வந்து ஊரைச் சூறையாடினர். ஏறத்தாழ 800 வீடுகள் எரிந்தன. அத்திங்களிலும் அதனை யடுத்தும் நிகழ்ந்த கலவரங்களில் மாண்டோர் இருபதின்மர்க்கு மேல். படை வந்து அடக்கவேண்டியதாயிற்று. இன்றும் அப்பகுதி முதியோர் அதனைச் 'சிவகாசிக் கொள்ளை' என்றே குறிப்பிடுவர்.

தீவட்டி பிடித்தவர் யார் என்று வகுப்பின் பெயர் கூறிப் பழி தீர்த்துக்கொள்வது எளிது. தீவட்டியை ஏந்திய கை வேறு. நுழையலாகாதென்று நூலைக் காட்டிய கை வேறு. யான் வந்த மரபு நூல் காட்டியவர் மரபு. ஆதலின் தீவட்டிக்காரரைப் பற்றிப் பேச எனக்கு வாயில்லை.

இன்னும் பின்னோக்கிச் செல்லின் நம் புராணத்திலேயே நின்று திகைக்கவேண்டியிருக்கின்றது. மதுரையில் எண்ணாயிரஞ் சமணர் கழுவேறியதனைப் பெரியபுராணங் கூறும். தாம் கூறிய சூளுக்குத் தாமே இலக்காயினர் என அமைதி கூறுதல் மரபு. யானும் மேடைகளில் அவ்வாறே கூறியிருக்கின்றேன். அது வரலாற்றில் நிகழ்ந்ததுதானா என்பதில் ஆராய்ச்சியாளர் ஒருப்படவில்லை. நிகழவில்லையாயின் மகிழ்ச்சியே. ஆனால் என்னை உறுத்துவது வேறு. நிகழாத ஒன்றாயினும் அதனை நாம் பல நூற்றாண்டு விரும்பிக் கேட்டோம். சில கோயிற் சுவர்களிற் படமாக எழுதிவைத்துக் குழந்தைகட்குக் காட்டினோம். ஒரு கொலை நிகழாமலே அதன் மகிழ்ச்சியை மட்டும் நுகர்தல் சமயம் ஒன்றுக்கே கைவந்த வித்தைபோலும். திருப்புன்கூரில் நந்தி விலகியிருத்தலைக் காட்டி வியக்கின்றோம். நந்தனார் வந்தபோது கல்லேறு விலகிற்று. மக்கள் விலகினார்களா என்று எவரும் கேட்பதில்லை.

இங்ஙனம் கூறியதுகொண்டு இவன் நாத்திகனாயினன் என்று அஞ்சற்க. நன்மையின் பக்கமும் அதே நிலத்தில் அதே மக்களிடத்தே காணக்கிடக்கின்றது. கோயில் வாயிலில் தடுக்கப்பட்ட அந்நாடார் குலத்தார் செய்தது என்னை? வணிகப் பண்டத்தின்மேல் இவ்வளவென்று மகமை வகுத்துப் பொது நிதி திரட்டினர். அந்நிதியாற் கோயில் எடுத்தனர், கிணறு தோண்டினர், பள்ளி அமைத்தனர். விருதுநகரில் 1889-ஆம் ஆண்டிலேயே சத்திரிய வித்தியாசாலை தோன்றிவிட்டது. அதற்கு வருவாய் எங்கிருந்து வந்ததென எண்ணுகின்றீர்கள்? வீடுதோறும் உலையிடுமுன் பெண்டிர் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்துவைப்பர். அப்பிடியரிசியைத் தொகுத்துப் பள்ளிக்கு உதவினர். காமராசர் கற்ற பள்ளி அது. பின்னாளில் அவர் முதலமைச்சராகி ஏழைப் பிள்ளைகட்கு நண்பகல் உணவு வழங்கச் செய்தபோது அப்பிடியரிசியின் மணம் அதில் இருந்ததென்றே யான் எண்ணுகின்றேன். மகமையும் பிடியரிசியும் ஊர்க்கூட்டத்தின் ஏற்பாடுகளே யாயினும், அம்மன் திருமுன் கூடிய கூட்டம் அது. தெய்வக்கடன் என்ற உணர்வின்றி ஓர் ஏழைப்பெண் நாள்தோறும் தன் உலை அரிசியிற் கைவைத்து எடுப்பாளா?

அவ்வாறே 1939 சூலை 8-ஆம் நாள் மதுரை வைத்தியநாத ஐயர், ஒடுக்கப்பட்ட வகுப்பினர் ஐவரையும் நாடார் வகுப்பினர் ஒருவரையும் அழைத்துக்கொண்டு மீனாட்சியம்மை திருக்கோயிலுள் சென்றார். கக்கன் அவர்களும் அக்கூட்டத்தில் ஒருவர். கோயில் நிர்வாக அதிகாரி ஆர். எஸ். நாயுடு அவர்களை வரவேற்றார். பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் துணைநின்றதனை யாவரும் அறிவர். அர்ச்சகர் சிலரோ, கோயில் கெட்டதென்று கூறிப் பணியைவிட்டு விலகினர். இதில் ஒரு நுட்பம் உண்டு. ஐயரும் அம்மையின் அடியாரே; விலகிய அர்ச்சகரும் அம்மையின் அடியாரே. ஒருவரைத் திறக்கச் செய்ததும் மற்றவரை விலகச் செய்ததும் பக்தி என்னும் ஒரு பெயரே. அவ்வாறாக, 'திறந்தது சமயம், அடைத்தது மனிதர்' என்று யாங்ஙனம் பிரித்தெழுதுவது?

யாழ்ப்பாணத்திற் பஞ்சம் வந்தகாலத்து ஆறுமுக நாவலர் கஞ்சித்தொட்டி வைத்து ஏழையரைக் காத்தார். வருணாசிரம வரம்பினையோ அவர் ஒருசிறிதும் தளர்த்தினாரல்லர். வடலூரிலே இராமலிங்க அடிகள் 1867-இல் ஏற்றிய தருமச்சாலை அடுப்பு இன்றும் அவியவில்லை. அவ்வடுப்பு எரிந்துகொண்டிருக்கும்போதே அவ்விரு சாராரும் அருட்பாவா மருட்பாவா என்று 1869-இல் மஞ்சக்குப்பம் நீதிமன்றப் படியேறினர். அவ்வழக்கில் யார் வென்றார் என்று இன்றும் நம்மவர் வாதிடுவதுண்டு. அடுப்பைப்பற்றி வாதிடுவார் எவருமிலர்.

ஆகலின் நிறுத்துப் பார்த்தல் பயன்படாது. எரிந்த வீடு எண்ணூறு என ஒரு தட்டிலும் பிடியரிசி இத்தனை மூட்டை என மறுதட்டிலும் இட்டுத் தராசைத் தூக்குவோர்க்கு முள் எப்பக்கமுஞ் சாயாது; சாய்ந்தாலும் மாண்டவர் மீளார். நம் சித்தாந்தம் இதற்கு வேறொரு வழி காட்டுகின்றது. அவ்வழியே செல்லின் என் பெயரன் காட்டிய கணக்குப் புரட்டினையும் நாம் செய்யவேண்டியதில்லை.

ஆணவம் மூலமலம். மாயையும் கன்மமும் மலங்களே. ஆயினும் ஆணவத்தைத் தேய்த்தற் பொருட்டு இறைவன் அவற்றை உயிர்க்குக் கூட்டுகின்றான். 'மலத்தை மலத்தாற் போக்குதல் எவ்வாறு?' என்னும் ஐயத்திற்குச் சிவஞான சித்தியார் சுபக்கத்து இரண்டாஞ் சூத்திரம் வண்ணானை உவமை காட்டும். சாணியும் உவர்மண்ணும் தாமே அழுக்கானவை. அவற்றைத் துணியிற் சேர்த்து வைத்து, துணியின் பழைய அழுக்கோடு அவற்றையும் ஒருங்கே போக்குவான் வண்ணான். இது யாவரும் அறிந்த பாடம்.

இவ்வுவமையைச் சமயத்தின்மேல் வைத்துப் பார்த்தல் வேண்டும் என்பதே என் விண்ணப்பம். ஆசாரம், வேடம், கோயில் வரிசை, மடத்து முறைமை, தீட்டு, தூய்மை ஆகிய இவையெல்லாம் மாயா காரியங்கள். நூல்களுங்கூடச் சொல்லுருவாய் நிற்றலிற் சுத்தமாயையின் காரியமென்பதே நம் கொள்கை. இவை சிவமல்ல, சிவத்தை அடைதற்கு உயிரின்மேற் பூசப்பட்ட உவர்மண். "சமயத்தையா மலமென்றாய்?" என்று சினப்பார்க்குச் சொல்வேன்: சிவத்தை அன்று, சிவத்தினிடத்துச் செலுத்தும் கருவியை. கருவியைக் கருவியென்றல் பழிப்பன்று. கருவியைச் சிவமென்றலே பழிப்பு. உவர்மண்ணின்றி வெளுக்க இயலாது. ஆதலின் சமயம் வேண்டாவென்பாரோடு எனக்கு உடன்பாடில்லை. அவர் துணி அவர் பெட்டியிலேயே மடிந்து கிடக்கும். ஆனால் அழுக்குப் போக்கும் அதே காரந்தான் துணியை அரிப்பதும். அரிப்பது வேறு மண், வெளுப்பது வேறு மண் அன்று. என் பெயரன் கேட்ட கணக்குக்கு இதுவே விடை. நன்மையும் தீமையும் இரண்டும் சமயத்தின் பேரேட்டிலேயே எழுதப்படத்தக்கன.

மற்றைத் தீமைகட்கு இல்லாத ஒரு தனித்தன்மையும் இத்தீமைக்கு உண்டு. திருடன் இருளிற் செல்கின்றான். கண்டோர் கூவினால் ஓடுகின்றான். அவன் நெஞ்சினுள் எங்கோ ஒரு மூலையில் நாணம் உறங்குகின்றது. கோயில் வாயிலிற் பிறனைத் தடுத்தவனோ நீராடி, நீறு பூசி, நண்பகலில் நின்று தடுத்தான். வீடு சென்று நிறைவோடு உண்டான். ஆணவம் தன் சொந்த முகத்தோடு வருங்கால் அதனை அறிந்து நீக்குதல் கூடும். அது திருநீற்றை அணிந்து வருங்கால் நாமே எழுந்து இருக்கை தருகின்றோம். உயிர் சார்ந்ததன் வண்ணமாகும் என்பது நம் நூற்றுணிபு. சமயத்தைச் சார்ந்தேன் என்று எண்ணிக்கொண்டே தன் குலச்செருக்கைச் சார்ந்து நிற்கும் உயிர், செருக்கின் வண்ணமாகி, அவ்வண்ணமே சிவவண்ணமென்று மயங்கும்.

உவர்மண்ணைப்பற்றி யான் கூறிய இவ்விரிவு என் சொந்தக் கருத்தென்று அன்பர்கள் பாராட்டற்க. இஃது எனக்குக் கிடைத்த வகையையும் சொல்லிவிடல் கடன்.

1974-ஆம் ஆண்டு எனக்குப் பதினான்கு வயது. எங்கள் ஊரிலே முதிய புலவர் ஒருவர்பால் மாலைதோறும் சாத்திரப் பாடங் கேட்டுவந்தேன். பெரும் புலமையர், கைம்மாறு வேண்டாது கற்பித்தவர், இன்றும் அவரை எண்ணிக் கைகூப்பாமல் யான் ஏடு விரிப்பதில்லை. திண்ணையில் நாங்கள் நால்வர் அமர்ந்திருப்போம். தெருவில், திண்ணைக்குச் சற்றுத் தள்ளி, வெளுத்த துணி மூட்டையை இறக்கிவைத்துவிட்டுச் சிறுவன் ஒருவன் நின்று கேட்பான். எங்கள் தெருவுக்கு வெளுப்பவர் மகன். துணி கொடுக்க வருபவன் ஏன் இவ்வளவு நேரம் நிற்கின்றானென்று எவரும் கேட்டதில்லை. நிற்பதை எவரும் கண்டதாகவும் காட்டிக்கொள்ளவில்லை.

அன்று வண்ணான் உவமைப் பாடம் நடந்தது. ஆசிரியர் அழகுற விளக்கினார். பழைய அழுக்கோடு உவர்மண்ணும் ஒருங்கே நீங்கும் என்று அவர் முடித்தபொழுது, தெருவிலிருந்து குரல் வந்தது: "ஐயா, அதுவா நீங்காது. நல்லா அலசணும். அலசாம வெள்ளாவியிலிருந்து எடுத்து அப்படியே காயப்போட்டா, அந்த உவர்மண்ணே துணியைத் தின்னுபோடும். அழுக்குத் துணியாச்சும் நாலு நாள் கட்டலாம், அது இத்துப்போகும்."

திண்ணை அமைதியாயிற்று. பின்னாளில் எத்தனையோ உரைகளை யான் கற்றேன். அவ்விடத்துக்கு அவ்வளவு நுட்பமான உரை வேறு கேட்டதில்லை. ஆசிரியர் முகம் சிவந்தது. அவன் கூறியது பிழையென்று அவர் சொல்லவில்லை. சொல்லவும் இயலாது, அத்தொழிலை அறிந்தவன் அவன். "சாத்திரப் பாடத்தில் வாய் வைக்கிறவன் யாரடா?" என்றார். பின் என்னை நோக்கி, "அவனைப் போகச் சொல்" என்றார். யான் எழுந்து, திண்ணையின் விளிம்பில் நின்று, "போடா" என்றேன். என்னிலும் இரண்டு வயது மூத்தவனாக இருந்திருப்பான். மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு போனான். மறுநாளிலிருந்து துணி கொண்டுவந்தது அவன் தாய்.

அதற்குப்பின் எனக்குப் பட்டமும் பொன்னாடையும் கிடைத்தன. யான் செய்தது சிவகாசியிற் செய்ததன் சிறுவடிவமே என்பதனை உணர எனக்கு முப்பதாண்டு ஆயிற்று. ஆசிரியர்மேற் பழிபோடுதல் எளிது. அவர் சொன்னார், 'போடா' என்ற சொல் என் வாயிலிருந்து வந்தது. அதனைச் சொன்னபோது என் நெற்றியில் நீறு இருந்தது. மடியில் சித்தியார் இருந்தது. நெஞ்சிலே, பாடத்தின் தூய்மையைக் காத்தேன் என்ற நிறைவும் இருந்தது. அந்நிறைவுதான் அலசாத உவர்மண்.

இவையெல்லாம் பழங்கதை, 1947-ஆம் ஆண்டின் ஆலயப் பிரவேசச் சட்டத்தோடு முடிந்தனவென்று ஓர் அன்பர் அண்மையிற் கூறினார். சட்டம் கதவைத் திறந்தது, ஐயமில்லை. ஆயினும் நாம் பெரிதும் போற்றும் அந்த மற்றைத் திருவண்ணாமலையின் மாவட்டத்திலே, தென்முடியனூர் என்னும் ஊரில், ஒடுக்கப்பட்ட மக்கள் முத்துமாரியம்மன் கோயிலுட் சென்று பொங்கலிட்டு வழிபட்டது 2023 சனவரி 30-ஆம் நாள். பல்லாண்டு வெளியே நிறுத்தப்பட்டவர்கள் அவர்கள். மாவட்ட ஆட்சித்தலைவரும் காவற்படையும் உடன்வர வேண்டியிருந்தது. சட்டம் பிறந்து எழுபத்தாறு ஆண்டு கழிந்தும், மழை தருபவள் திருமுன் ஒரு பானை வைப்பதற்குக் காவலர் வேண்டியிருந்தது. அங்குச் சென்றவர்கள் கையில் வாளேந்திச் செல்லவில்லை. பொங்கற்பானையும் மாலையும் ஏந்திச் சென்றனர். இவ்வளவு காலம் வெளியே நிறுத்திய தெய்வத்தை அவர்கள் விட்டுவிடவில்லை. இதில் யார் பக்தி பெரிதென்று மடங்களில் அமர்ந்திருக்கும் நம்மனோர் தம்முள் வினவிக்கொள்ளத்தக்கது. அன்று அங்கே நம் ஆதீனங்களிலிருந்து எவரேனும் முன்சென்று நீறு கொடுத்திருப்பின் காவலர் வேலை பாதியாகக் குறைந்திருக்கும்.

மீண்டும் குன்றினடிக்கு வருகின்றேன். பெயரனுக்கு விடை கூறமாட்டாது அமர்ந்திருந்த யான், சிறிது நேரங்கழித்துத் திண்ணைக் கதையை மட்டும் அவனுக்குச் சொன்னேன். சித்தாந்தம் ஒன்றும் சொல்லவில்லை. முழுவதுங் கேட்டான். பிறகு, "அந்தப் பையன் பேர் என்ன, தாத்தா?" என்றான்.

எண்ணிப் பார்த்தேன். அவன் தந்தையை நாங்கள் தொழிலாலே அழைத்தோம், தாயையும் அவ்வாறே, அவனை அழைக்க வேண்டிய தேவை நேர்ந்ததில்லை. ஈராண்டு எங்கள் தெருவில் நின்று பாடங் கேட்டவன். சித்தியாருக்கு உரையெழுதிய அறுவர் பெயரையும் யான் உறக்கத்திலுஞ் சொல்வேன்.

"தெரியாது" என்றேன்.

அப்பொழுது மலையேறியவர்கள் இறங்கி வந்து, துளசியும் கற்கண்டும் எங்கள் இருவர் கையிலும் வைத்தனர்.

திருச்சிற்றம்பலம்